தாய்மையும் தன்னடையாளமும்: மூளையியலின் ஒளியில் ஒரு நோக்கு

தாயின் சிறப்பை எடுத்துரைப்பதில் எமது சமூகம் ஒருபோதும் பின்னின்றதில்லை. மிம்பர்களில் அது பேசப்படுகிறது, பாடநூல்களில் எழுதப்படுகிறது, தாயின் பாதத்தடியில் சுவனம் உண்டென்ற நபிமொழியின் கருத்தை அறியாத முஸ்லிம் சிறுவனைக் காண்பது அரிது. எனினும் இச்சிறப்புகள் பெரும்பாலும் பிள்ளையின் பக்கமிருந்தே பேசப்படுகின்றன. தாய்க்குப் பிள்ளை ஆற்ற வேண்டிய கடமை யாது என்பதே அங்கு வினா. ஒரு பெண் தாயாகும்போது அவளுக்குள் நிகழ்வது யாது, அவளது சிந்தனையும் உணர்வும் 'நான்' என்னும் தன்னுணர்வும் எவ்வாறு மாறுகின்றன என்ற வினா அபூர்வமாகவே எழுப்பப்படுகிறது.

மூளையியல் துறையும் நெடுங்காலம் இவ்வினாவைப் பொருட்படுத்தவில்லை. கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சி பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வெளிவந்த காலத்தில், அச்சிசுவைச் சுமப்பவளின் மூளை பற்றிய ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருந்தன. கடந்த பத்தாண்டுக் காலத்தில்தான் இந்நிலை மாறியது. அவ்வாய்வுகளின் முடிவுகளைச் சுருக்கமாக விளக்கி, அவை எமது சமூகத்தின் சிந்தனைக்கு விடுக்கும் அழைப்பைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துவது நன்று. அல்குர்ஆன் நேர்வழி காட்டும் வேதமேயன்றி மூளையியல் நூலன்று. இன்றைய ஆய்வு முடிவுகளை அதன் வசனங்களுக்குள் தேடிக் கண்டெடுப்பது எமது நோக்கமன்று. ஆய்வு முடிவுகள் நாளை திருத்தப்படலாம். வேதத்தை அவற்றோடு பிணைப்பது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. ஆயினும், தாயின் மாற்றம் உண்மையானது, உடல்சார்ந்தது, அவள் தனித்துச் சுமக்கக் கூடாதது என்பதை அறிந்த பின், தாய்க்கு ஷரீஅத் அளித்த சலுகைகளையும் அவளைச் சூழ்ந்திருப்போர் மீது அது விதித்த கடமைகளையும் முன்னிலும் ஆழமாக விளங்கிக்கொள்ள முடிகிறது.

பெயர் பெறாதிருந்த பருவம்

குழந்தை இளைஞனாக மாறும் இடைக்காலத்துக்குப் பல மொழிகளிலும் பெயருண்டு. அப்பருவத்தில் உடல் மாறுகிறது, குரல் மாறுகிறது, மனநிலை தளம்புகிறது, 'நான் யார்' என்ற வினா எழுகிறது. இவற்றைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதில்லை. வயதின் இயல்பென்று பொறுத்துக்கொள்கின்றனர். ஒரு பெண் தாயாக மாறும் இடைக்காலமும் இதற்கு நிகரான ஒரு பருவமே என்பதை 1970களில் எடுத்துரைத்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபாயெல். கட்டிளமைப் பருவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்த ஓசையில் அவர் இதற்கு ஒரு புதுச்சொல்லையே ஆக்கினார். தமிழில் அதனைத் 'தாய்மைப் பருவமடைதல்' எனலாம். குழந்தை பிறக்கும் கணத்தில் தாயும் முழுமையாகப் பிறந்துவிடுவதில்லை என்பதும், தாயாதல் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் ஒரு வளர்ச்சி என்பதும் இச்சொல்லின் உட்கிடை.

தமிழ் வழக்கில் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பர். பிரசவத்தின் பின் உடல் இன்னும் ஆறாத நிலையில் உள்ளது, அதற்கு ஓய்வும் ஊட்டமும் வேண்டும் என்ற மூத்தோரின் அனுபவ அறிவு அச்சொல்லில் பொதிந்துள்ளது. உடம்பு மாத்திரமா பச்சையாக இருக்கிறது? அவளது மூளையும் உள்ளமும் கூட அப்போது வார்ப்புநிலையிலேயே உள்ளன என்பதைத்தான் இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

மூளையில் நிகழும் மறுசீரமைப்பு

இத்துறையில் திருப்புமுனையாக அமைந்த ஆய்வு ஸ்பெயினின் பார்சிலோனாவில் நிகழ்ந்தது. எல்சலைன் ஹூக்செமாவும் அவரது குழுவினரும் நடத்திய அவ்வாய்வின் முடிவுகள் 2016 டிசம்பரில் வெளியாயின. முதன்முறை தாயாகிய 25 பெண்களின் மூளைகள் கருத்தரிப்பதற்கு முன்னரும் பிரசவத்தின் பின்னரும் எம்.ஆர்.ஐ. முறையில் படமெடுக்கப்பட்டன. கருத்தரிக்காத 20 பெண்களும், முதன்முறை தந்தையாகிய ஆண்களும், பிள்ளைகளற்ற ஆண்களும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டனர். தாயானோரின் மூளையில், புறணியின் குறிப்பிட்ட சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் கனஅளவு குறைந்திருந்தது. ஏனையோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஒரு பெண் கருத்தரித்தவளா இல்லையா என்பதை மூளையின் படத்தை மட்டும் வைத்தே பிரித்தறியுமளவுக்கு அம்மாற்றம் சீரானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது பெருமளவு நிலைத்திருந்தது. அத்தாய்மாருள் சிலரை ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் அதன் சுவடுகள் அழியவில்லை என 2021இல் அறிவிக்கப்பட்டது.

'குறைந்தது' என்ற சொல்லைக் கேட்டதும் இழப்பு என்று எண்ணத் தோன்றும். ஆனால் குறைவு ஏற்பட்ட பகுதிகள் யாவை என்று நோக்கினால் உண்மை விளங்கும். பிறரது மனநிலையை உய்த்துணரவும், அவர்களது தேவையைக் குறிப்பாலறியவும் துணைபுரியும் பகுதிகளே அவை. பேசத் தெரியாத ஓர் உயிரின் அழுகை பசியினாலா, வலியினாலா, உறக்கத்துக்காகவா என்று பிரித்தறிய வேண்டியவளுக்கு இவ்வாற்றலினும் இன்றியமையாதது வேறில்லை. தம் குழந்தையின் படத்தைக் காணும்போது தாய்மாரிடம் தூண்டப்பட்ட மூளைப் பகுதிகள் சில, மாற்றமடைந்த பகுதிகளோடு ஒன்றியிருந்தன. மாற்றம் மிகுந்திருந்த தாய்மாரிடம் குழந்தையுடனான பிணைப்பும் மிகுந்திருந்தது.

கட்டிளமைப் பருவத்திலும் மூளையின் சாம்பல்நிறப் பொருள் குறைகிறது என்பது இங்கு கருதத்தக்கது. தேவையற்ற இணைப்புகள் களையப்பட்டு எஞ்சியவை உறுதிபெறுவதனால் அக்குறைவு முதிர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. கருவுற்ற பெண்களின் மூளைமாற்றத்தைக் கட்டிளமைப் பெண்களின் மூளைமாற்றத்தோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டும் வேகத்திலும் வடிவிலும் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டியது. டானா ரஃபாயெல் சொல்லாற்றலால் நிறுவிய ஒப்புமை இவ்வாறு மூளையின் படத்திலும் பதிவாயிற்று. தோட்டக்காரன் கொடியைக் கவ்வாத்துச் செய்வது அதை அழிப்பதற்கன்று, அது காய்ப்பதற்கே.

இம்மாற்றம் எவ்வாறு படிப்படியாக நிகழ்கிறது என்பதை 2024 செப்டம்பரில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மூளையியலாளர் எலிசபெத் கிறாஸ்டில் தம்மையே ஆய்வுப் பொருளாக்கினார். கருத்தரிப்பதற்குச் சில வாரங்கள் முன்தொடங்கி, பிரசவத்தின் பின் இரண்டு ஆண்டுகள் வரை அவரது மூளை 26 முறை படமெடுக்கப்பட்டது. கர்ப்பத்தின் வாரங்கள் முன்னேற முன்னேற, ஹோர்மோன்கள் பெருகப் பெருக, சாம்பல்நிறப் பொருள் குறைந்து சென்றது. மூளைப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்ணிற நரம்புப் பாதைகளோ இரண்டாம் மும்மாதத்தின் இறுதிவரை உறுதிபெற்று, பின் பழைய நிலைக்கு மீண்டன. 2025இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து, சாம்பல்நிறப் பொருள் கர்ப்பகாலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்து, பிரசவத்தின் பின் ஓரளவு மீள்வதை உறுதிசெய்தனர். ஈஸ்ட்ரோஜன் வகை ஹோர்மோன்களின் ஏற்ற இறக்கத்தோடு இது இணைந்து சென்றதையும் அவர்கள் கண்டனர்.

மறதியா, கவனத்தின் குவிவா?

"பிள்ளை பெற்ற பின் எல்லாம் மறந்துபோகிறது" என்று பெண்கள் கூறுவதுண்டு. அதைச் சொல்லி நகைப்போரும் உளர். 2018இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 20 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி, கர்ப்பகாலத்தில், குறிப்பாக இறுதி மும்மாதத்தில், நினைவாற்றல் சற்றுத் தாழ்வதை ஏற்றுக்கொண்டது. ஆயின் அத்தாழ்வு பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. உறக்கமின்மையும் இதில் பங்குகொள்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. குட்டி ஈன்ற எலிகள், ஈனாத எலிகளைவிட இரை தேடும் வழியை விரைவாகக் கற்று நினைவில் வைப்பதைக் கிரெய்க் கின்ஸ்லி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1999இல் காட்டினர். பிரித்தானியாவில் ஏறத்தாழ 12,000 நடுவயது, முதிர்வயதுப் பெண்களின் மூளைப் படங்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பிள்ளை பெற்ற பெண்களின் மூளை, பெறாதோரின் மூளையைவிட வயதுத் தேய்வு குறைந்ததாகத் தோன்றியது. எனவே தாய்மை அறிவை மழுங்கச் செய்கிறது என்ற எண்ணத்துக்கு உறுதியான ஆதாரமில்லை. கவனம் ஒரு திசையில் குவிகிறது. ஏனையவை சிறிது காலம் பின்தள்ளப்படுகின்றன என்பதே பொருத்தமான கூற்றாகும்.

இக்குவிவைப் பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகொட் 1956இல் நுட்பமாக விவரித்தார். பிரசவத்தை அண்டிய வாரங்களில் தாயின் உள்ளம் குழந்தையால் முற்றாக நிரப்பப்பட்டு, மற்றெவர்க்கும் இடமற்றதாகிறது. வேறொரு சூழ்நிலையில் இதை நோயென்றே கருத நேரும். ஆனால் தாய்க்கு இதுவே ஆரோக்கியம் என்பது அவரது கருத்து.

மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம்

இவ்விடத்தில் ஸூரதுல் கஸஸின் 10ஆம் வசனம் எம் நினைவுக்கு வருகிறது. பிர்அவ்னின் ஆட்களுக்கு அஞ்சிக் குழந்தையை ஆற்றில் விட்ட பின், அத்தாயின் உள்ளம் இருந்த நிலையைக் குறிக்க அல்குர்ஆன் ஆளும் சொல் 'ஃபாரிக்' என்பதாகும். 'வெறுமையானது' என்பது அதன் நேர்ப்பொருள். மூஸாவின் நினைவைத் தவிர மற்றெல்லாவற்றிலிருந்தும் வெறுமையாகிவிட்டது என்றே முஃபஸ்ஸிர்கள் பலர் இதற்கு விளக்கம் தந்துள்ளனர்; இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரிலும் இவ்விளக்கத்தைக் காணலாம். உண்மையை வெளிப்படுத்திவிடும் விளிம்பில் அவர் நின்றதையும், அல்லாஹ் அவரது இதயத்தை உறுதிப்படுத்தியதையும் அதே வசனம் எடுத்துரைக்கிறது.

இறைவனிடமிருந்து உள்ளுதிப்பைப் பெற்றவர் அவர். அஞ்ச வேண்டாம், கவலைப்பட வேண்டாம், குழந்தை மீட்டளிக்கப்படும் என்ற வாக்குறுதியும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அதன் பின்னரும் அவரது உள்ளம் அவ்வாறு கலங்கியது. அக்கலக்கத்தை அல்குர்ஆன் ஈமானின் குறைபாடாகச் சித்திரிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. தாயின் உள்ளத்தின் இயல்பாக அதை ஏற்று, அதற்குத் துணைநின்றதாகவே கூறுகிறது. குழந்தை திருப்பிக் கொடுக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் முதற் காரணமும் தாயின் கண் குளிர வேண்டும், அவள் கவலை நீங்க வேண்டும் என்பதே (28:13). ஒரு பேரரசின் வீழ்ச்சியைச் சொல்ல வந்த வரலாறு, ஒரு தாயின் மனநிலைக்கு இத்துணை இடமளிக்கிறது.

ஸூரதுல் ஹஜ்ஜின் தொடக்கத்தில் மறுமையின் பேரச்சம் சித்திரிக்கப்படும்போதும் பாலூட்டும் தாயே எடுத்துக்காட்டாகிறாள். அவள் தன் குழந்தையை மறக்குமளவுக்கு அந்நாள் கொடியது என்பது அதன் கருத்து. அங்கு 'முர்ளிஉ' என்ற சொல் வராமல் 'முர்ளிஆ' என்ற சொல் வந்திருப்பதை ஸமக்ஷரி (மறைவு: 1144) தமது 'அல்கஷ்ஷாஃப்' என்னும் விரிவுரையில் நுணுகி நோக்குகிறார். முன்னையது பாலூட்டும் பருவத்திலுள்ளவளைப் பொதுவாகக் குறிக்கும். பின்னையதோ குழந்தையின் வாயில் முலையை வைத்துப் பாலூட்டிக்கொண்டிருக்கும் அக்கணத்தில் உள்ளவளைக் குறிக்கும். உலகில் எதனாலும் கலைக்க இயலாத கவனம் எதுவோ, அதுவே கலைந்துவிடும் நாள் என்று அதன் கடுமை உணர்த்தப்படுகிறது.

மர்யம் (அலை) அவர்களின் வேதனையும் எமது பாராமுகமும்

ஆனால் தாய்மையின் மாற்றம் எப்போதும் இனிமையாகவே அமைவதில்லை. கர்ப்பகாலத்தில் பன்மடங்கு பெருகிய ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்தரோன் ஆகிய ஹோர்மோன்கள், நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் செங்குத்தாக வீழ்கின்றன. பெரும்பாலான தாய்மாரிடம் இக்காலத்தில் காரணமற்ற அழுகையும் மனத்தளம்பலும் தோன்றி இரண்டு வாரங்களுக்குள் மறைகின்றன. சிலரிடம் அது மறையாது. ஆழ்ந்த மனச்சோர்வாக வேரூன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகளவில் பிரசவித்த பெண்களுள் சுமார் 13 சதவீதத்தினர் உளநலக் கோளாறுக்கு, பிரதானமாக மனச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர். வளர்முக நாடுகளில் இது 19.8 சதவீதமாகும்.

எமது சூழலுக்கு மிக நெருங்கிய ஆய்வொன்றும் உண்டு. தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதிக் கிராமப் பெண்களை ஆராய்ந்து 2002இல் வெளியான அவ்வாய்வில், பிரசவத்தின் பின் புதிதாக மனச்சோர்வுக்கு உள்ளானோர் 11 சதவீதத்தினர். அதற்கு வழிவகுத்த காரணிகளாக ஆய்வாளர் இனங்கண்டவை எம் சிந்தனைக்குரியவை: குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், உடலுழைப்பில் உதவுவோர் இன்மை. இவற்றுள் எதுவும் ஹோர்மோனன்று. மாற்றத்துக்குள்ளாகியிருக்கும் ஒரு மூளை, சூழ்ந்திருப்போரின் சொல்லாலும் செயலாலும் நோயுறுகிறது என்பதே இதன் பொருள். பெண்மகவு பிறந்த செய்தியால் முகம் கறுப்போரை ஸூரதுந் நஹ்ல் கண்டித்துப் பதினான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அக்கறுப்பு இன்னும் ஒரு தாயை நோயாளியாக்குகிறது எனில், நாம் எதைக் கற்றோம் என்று கேட்டுக்கொள்வது தகும்.

இத்தகைய தாயிடம் "தொழு, குர்ஆன் ஓது, ஷைத்தானின் ஊசலாட்டம் நீங்கிவிடும்" என்று மட்டும் கூறி அமைவோர் எம்மிடையே உளர். தொழுகையும் திக்ரும் உள்ளத்துக்கு அமைதி தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நிஃபாஸுடைய பெண் தொழுகையிலிருந்து விலக்களிக்கப்பட்டவள் என்பதையே மறந்து கூறப்படும் அறிவுரை அது. அதனினும் பெரிய தீங்கு, அவளது நோய் ஈமானின் பலவீனமாக அவள்மீதே சுமத்தப்படுவதாகும்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம். பிரசவ வேதனை அவரைப் பேரீச்சை மரத்தடிக்கு ஒதுக்கியபோது, இதற்கு முன்பே தாம் இறந்து, முற்றாக மறக்கப்பட்டுப்போயிருக்கக் கூடாதா என அவர் ஏங்கியதை ஸூரது மர்யம் மறைக்காமல் பதிவுசெய்கிறது (19:23). உலகப் பெண்கள் அனைவரினும் தெரிவுசெய்யப்பட்டவர் அவர். அவ்வேக்கத்துக்கு விடையாக அவருக்குக் கண்டனம் வரவில்லை. கவலைப்பட வேண்டாமென்ற ஆறுதல், காலடியில் நீர், கையெட்டும் தூரத்தில் கனிந்த பேரீச்சம்பழம், மனிதரின் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டாமென்ற அனுமதி ஆகியவையே வந்தன. ஆறுதல், உணவு, ஓய்வு, ஊராரின் நாவிலிருந்து பாதுகாப்பு: பிரசவித்த பெண்ணுக்கு இந்நான்கினும் சிறந்த பராமரிப்புத் திட்டத்தை இன்றும் வகுக்க இயலுமா?

உள்ளத்தின் நோயை நோயாகவே காண்பது எமது அறிவு மரபுக்குப் புதிதன்று. அபூ ஸைத் அல்பல்கி (850-934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்தார். காரணம் அறியப்பட்ட துயரத்தையும் காரணம் அறியப்படாத துயரத்தையும் வேறுபடுத்தி, பின்னையது உடலிலிருந்து எழக்கூடியது, அதற்கு மருத்துவம் தேவை என்று அவர் எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவைச் சேர்ந்த அரீப் இப்னு ஸஅத், கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பராமரிப்பது பற்றித் தனிநூலே இயற்றினார். அம்மரபின் வாரிசுகள் ஒரு தாயை உளமருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாணுவது விந்தையே.

பராமரிப்பே தாய்மையை ஆக்குகிறது

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, "தாய்மை பெண்ணின் மூளையிலேயே எழுதப்பட்டது, எனவே குழந்தை வளர்ப்பு அவளுக்கு மட்டுமே உரியது" என்று எவரேனும் முடிவுகட்டினால் அது பெரும் பிழையாகும். ஆய்வுகள் அதற்கு நேர்மாறான உண்மையையும் சேர்த்தே சொல்கின்றன.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ரோசன்பிளாட் 1967இல் வெளியிட்ட ஆய்வில், ஒருபோதும் கருத்தரிக்காத பெண் எலிகளும், ஆண் எலிகளும்கூட, சில நாட்கள் தொடர்ந்து குட்டிகளோடு வைக்கப்பட்டபோது தாயெலிகளைப் போலவே அவற்றை அரவணைக்கத் தொடங்கின. மனிதரிடத்தும் இதற்கு ஒப்பான உண்மை காணப்படுகிறது. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் ஃபெல்ட்மனின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தாய் இல்லாத இல்லங்களில் முழுப் பராமரிப்பையும் ஏற்ற தந்தையரின் மூளையில், உணர்வெழுச்சிக்குரிய அமிக்டலா பகுதி தாய்மாரிடத்துப் போலவே தூண்டப்படுவதைக் காட்டியது. 2011இல் பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞரைத் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆய்வில், தந்தையானோரிடம் டெஸ்டஸ்தரோன் ஹோர்மோன் குறைந்தது. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் குழந்தையைப் பராமரித்தோரிடம் அது மேலும் தாழ்ந்திருந்தது. கர்ப்பம் தாயின் மூளையை மாற்றுகிறது; பராமரிப்பு, அதைச் செய்பவர் எவராயினும், அவரது மூளையையும் மாற்றுகிறது.

ஸூரதுல் பகராவின் 233ஆம் வசனம் இப்பின்னணியில் புதுப்பொலிவு பெறுகிறது. பாலூட்டலின் காலவரையறையைக் கூறும் அதே வசனம், தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ தீங்குக்குள்ளாக்கப்படலாகாது என்ற பொதுவிதியை நிறுவுகிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரின் உடன்பாட்டுக்கும் கலந்தாலோசனைக்கும் விடுகிறது. ஆட்சியாளர் பற்றிய விவாதங்களில் நாம் பெரிதும் எடுத்தாளும் 'ஷூரா' என்ற கருத்து, தொட்டிலருகிலும் கடமையாக்கப்பட்டிருப்பதை எத்தனை பேர் சிந்திக்கிறோம்? கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமழான் நோன்பில் அளிக்கப்பட்ட சலுகையும் இவ்வுணர்வின் நீட்சியே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழுவிக்கும் எண்ணத்துடன் தொடங்கி, குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதைச் சுருக்கிக்கொண்டதாக ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. அக்குரலால் தாயின் உள்ளம் படும் பாட்டைத் தாம் அறிந்திருந்ததே அதற்குக் காரணமென அவர்கள் குறிப்பிட்டார்கள். ஒரு தாய்க்காக முழு ஜமாஅத்தின் தொழுகையும் சுருங்கியது. குழந்தையோடு வந்தாளென்று அவள் பள்ளிவாசலிலிருந்து திருப்பியனுப்பப்படவில்லை. கலீஃபா உமர் (ரழி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே அரச உதவித்தொகை என்ற விதியால் ஒரு தாய் தன் குழந்தையை முன்கூட்டியே பால் மறக்கச் செய்வதை ஓரிரவில் அறிந்த அவர்கள், மனம் கலங்கி, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அத்தொகை உண்டென அறிவித்ததாக இப்னு ஸஅத் பதிவுசெய்துள்ளார். தாயைக் குறைகூறாமல் விதியையே அவர்கள் மாற்றினார்கள்.

'உம்மு' என்னும் பெயர்

தாயான பெண்கள் பலரை உள்ளூர வாட்டும் வினா, "நான் முன்பிருந்த நானா?" என்பதாகும். கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கியவள் திடீரென 'இன்னாரின் உம்மா' என்று மட்டும் அறியப்படுகிறாள். அவள் மாறிவிட்டாள் என்பது உண்மையே. அம்மாற்றம் கலங்கள் வரை செல்கிறது. ஆண்குழந்தையைச் சுமந்த தாயின் குருதியில் அக்குழந்தையின் கலங்கள் 27 ஆண்டுகள் கழித்தும் இருந்ததை 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. 2012இல், மறைந்த 59 பெண்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் 63 சதவீதத்தினரிடம் ஆண் மரபணுப் பொருள் காணப்பட்டது. கருவில் சுமந்த மகனிடமிருந்தே அது வந்திருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதினர். பிள்ளை தாயைவிட்டு முற்றாகப் பிரிவதில்லை என்பது வெறும் கவிக்கூற்றன்று.

ஆனால் மாறுதல் வேறு, மறைதல் வேறு. அரபு வழக்கின் 'குன்யா' இதற்கு நல்ல சான்று. 'உம்மு ஸலமா' என்ற பெயர் ஹிந்த் பின்த் அபீ உமைய்யா (ரழி) என்ற பெண்ணை அழித்துவிடவில்லை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபியாவில் தோழர்கள் மனமுடைந்து தயங்கி நின்ற வேளையில், நபி (ஸல்) அவர்களுக்கு உரிய ஆலோசனையை வழங்கியவர், பல பிள்ளைகளின் தாயாகிய அவரே. ஹிஜ்ரி 10இல் இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) பிரசவித்தார். அவர் மதீனாவுக்குத் திருப்பியனுப்பப்படவில்லை. குளித்து இஹ்ராம் அணிந்து பயணத்தைத் தொடருமாறு பணிக்கப்பட்டார். பிள்ளை பெறாத ஆஇஷா (ரழி) அவர்களுக்கோ, சகோதரியின் மகனைக்கொண்டு 'உம்மு அப்தில்லாஹ்' என்ற குன்யா அளிக்கப்பட்டது. தாய்மை ஒரு பெண்ணின் பெயரோடு சேரும் பெயராகுமேயன்றி, அவளது பெயரைக் களையும் பெயராகாது.

நாம் செய்ய வேண்டுவன

நிஃபாஸின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் நாற்பது நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாட்கள். இந்நாட்களை நாம் பெரும்பாலும் சுத்தம், குளிப்பு என்ற சட்டங்களின் வழியாகவே அறிந்துள்ளோம். அவை நிறைவுற்றதும் தாய் 'பழைய நிலைக்கு' வந்துவிட வேண்டுமென எதிர்பார்க்கிறோம். அவளது மூளையின் மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது என்பதையும், பழைய நிலை என ஒன்று அவளுக்கு இனியில்லை என்பதையும் அறிந்தால் அவ்வெதிர்பார்ப்பு தானே தளரும்.

எனவே கணவன்மார் இரவின் ஒரு பகுதியையேனும் குழந்தைக்காக விழித்திருப்பதை உதவியாகக் கருதாது கடமையாகக் கருத வேண்டும். இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளைச் செய்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கமென அன்னை ஆஇஷா (ரழி) அறிவித்துள்ளார்கள். மாமியாரும் நாத்தனாரும் தாம் கடந்துவந்த பருவத்தை நினைவில் மீட்டு, குறைகூறும் நாவை அடக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலும் அழுகையும் வெறுமையும் நீங்காத தாயை, குழந்தையின் மீது நாட்டமற்றிருப்பவளை, தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிடுபவளைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். திருமண வழிகாட்டல் வகுப்புகளை நடத்தும் எமது நிறுவனங்கள் இவ்விடயத்தைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதும், கதீப்மார் தாய்க்குப் பிள்ளை ஆற்றும் கடமையோடு தாயாகிக்கொண்டிருப்பவளுக்குச் சமூகம் ஆற்றும் கடமையையும் பேசுவதும் காலத்தின் தேவையாகும்.

தாயின் பலவீனத்தின் மேல் பலவீனத்தை அல்லாஹ் ஸூரது லுக்மானில் (31:14) எடுத்துக்கூறியது பெற்றோருக்கு நன்றி செலுத்துமாறு ஏவும் இடத்திலாகும். அந்நன்றி, முதுமையில் தாயைப் பேணுவதோடு மட்டும் நிறைவுறுவதன்று. எம் வீட்டில் இன்று கைக்குழந்தையோடு விழித்திருக்கும் இளந்தாயைப் பேணுவதிலிருந்தே அது தொடங்குகிறது. அதை உணர்ந்து செயற்படும் பேற்றை அல்லாஹ் எம் அனைவருக்கும் அருள்வானாக.